சாப்பாட்டு மேசையில் பிடிபட்ட ராஜத்துரோகம்

பல்லாவரத்தில் முடிவெட்டப் போகும்போது கண்ணாடிக்கு மேலே கண்ணை ஓட்டிப் பாருங்கள். சாமி படம் இருக்கும், கட்டிங் ஷேவிங் விலைப்பட்டியல் இருக்கும். சில கடைகளில் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் ஒரு சின்ன அட்டையும் தொங்கும்: ‘தயவுசெய்து அரசியல் பேசாதீர்கள்’. டீக்கடைகளிலும் இதைப் பார்க்கலாம். அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டுதான் நம்ம ஆட்கள் கூட்டணி பேசுவார்கள், தொகுதி பிரிப்பார்கள், மந்திரிசபையையே மாற்றி அமைப்பார்கள். கடைக்காரர் ஒரு கட்டம் வரை பொறுத்திருந்துவிட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்து அவரும் ஒரு பாயின்ட் சொல்வார்.

இதே அட்டையை ஒரு ராஜா தன் நாடு முழுவதற்கும் மாட்டிப் பார்த்தார்! அது தெரியவந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் துருவினால் அதைவிடப் பெரிய புதையல் ஒன்று கிடைக்கிறது. அந்த ராஜாவுக்கு எதிராகப் பேசினார் என்று சொல்லி, கோட்டைத் தலைவர் ஒருவரையே ஆயுதத்தோடு வளைத்துப் பிடித்து, மூன்று வருஷம் அடைத்துவைத்திருக்கிறார்கள். அது நடந்தது லண்டனில் அல்ல. பல்லாவரத்தில் பீச் வண்டி ஏறி, எழும்பூர், பார்க் தாண்டி இறங்கினால் வருமே, நம்ம ஜார்ஜ் கோட்டை, அங்கேதான்! அதுவும் ஒரு சாப்பாட்டு மேசைப் பேச்சை வைத்து! வாருங்கள், திரையைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்ப்போம்.

முதலில் அட்டை மாட்டிய ராஜாவைப் பார்த்துவிடலாம். அவர் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ். 1675ஆம் வருஷம் டிசம்பர் 29ஆம் தேதி ஒரு பிரகடனம் போட்டார். வருகிற ஜனவரி 10ஆம் தேதி முதல் நாட்டில் ஒரு காப்பிக் கடையும் இருக்கக் கூடாது. காரணத்தை அவர் மூடி மறைக்கவே இல்லை. வேலைவெட்டி இல்லாதவர்கள் அங்கே கூடி, அரசாங்கத்தைப் பற்றிப் பொய்யும் அவதூறும் பரப்புகிறார்கள் என்று பிரகடனத்திலேயே எழுதினார்.

அந்தக் கடைகள் எப்படி இருந்தன தெரியுமா? லண்டனின் முதல் காப்பிக் கடையை 1652இல் பாஸ்க்வா ரோஸே என்பவர் திறந்தார். அடுத்த இருபது வருஷத்தில் ஊரெங்கும் காப்பி மணம். ஒரு பென்னி கொடுத்தால் ஒரு கிண்ணம் காப்பி. அந்த ஒரு பென்னிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், கிடக்கிற செய்தித் தாள்களையெல்லாம் படிக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பிரபுவா, மாலுமியா, புத்தகக் கடைக்காரரா என்று பார்க்காமல் வாய்விட்டு வாதம் பண்ணலாம். ராஜாவுக்கு வயிற்றைக் கலக்காதா? 1672இல் ஒரு பிரகடனம், 1674இல் இன்னொன்று, நாட்டு விவகாரங்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசாதே என்று. பேச்சு நிற்கவில்லை. அதனால்தான் கடையையே மூடப் பார்த்தார்.

இனி நடந்ததுதான் கொண்டாட்டம். காப்பி வியாபாரிகள் ஒன்று திரண்டு அரண்மனைக்கு மனுவோடு போனார்கள். கிடங்கு நிறையச் சரக்கு கிடக்கிறது, எங்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்டார்கள். காப்பி விற்பனையில் அரசாங்கத்துக்கும் வருமானம் வந்துகொண்டிருந்தது. இப்படித் தடை போடச் சட்டப்படி இடம் உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. ஜனவரி 8ஆம் தேதி ராஜா உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தடை நடைமுறைக்கு வர இரண்டு நாள் பாக்கி இருந்தபோதே அதன் கதை முடிந்துவிட்டது! அவதூறுத் தாள்களைக் கடைக்குள் விடமாட்டோம் என்று கடைக்காரர்களிடம் உறுதி வாங்கிக்கொண்டதோடு சரி. ஒரு காப்பிக் கடையின் அடுப்பைக்கூட அணைக்க முடியாமல் ஒரு பேரரசன் பின்வாங்கிய அந்தப் பத்து நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

லண்டனில் கடைக்காரர்கள் தப்பித்தார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பு சென்னையில் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

1665ஆம் வருஷத்துக் கோட்டையைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கிற அகழி, பெரிய மதில், தலைமைச் செயலகம் எதுவும் கிடையாது. கடற்கரை மணலில் நான்கு மூலையிலும் கொத்தளம் வைத்த ஒரு சின்னச் சதுரக் கோட்டை. நட்ட நடுவில், சதுரத்துக்குக் குறுக்குவாட்டில் திரும்பியபடி, தலைவர் வசிக்கும் மாளிகை. கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் சர்ச்சுகூட அப்போது இல்லை. அது 1680இல்தான் வந்தது. கொஞ்சம் தள்ளி மேற்கே போனால் கிழக்கிந்தியக் கும்பெனியின் அதிகாரம் முடிந்து, கோல்கொண்டா சுல்தானின் சீமை தொடங்கிவிடும். நம்ம பல்லாவரமும் அந்தச் சீமையில்தான் இருந்தது.

கும்பெனி ஆட்களுக்குச் சாப்பாடு பொதுப் பந்தி. தலைவர், கவுன்சில் உறுப்பினர், பாதிரியார், கடைசியில் கணக்கெழுத வந்த பையன்கள் என்று பதவி வரிசைப்படி உட்கார வேண்டும். செலவு கும்பெனியுடையது. பூட்டிய அறையில் அதிகாரிகள் பேசுவது பதிவேட்டில் ஏறும். பந்தியில் பேசுவது எதிலும் ஏறாது, ஆனால் எல்லார் காதிலும் விழும்! நம்ம கதைக்கு வேண்டிய மேடை இதுதான்.

இப்போது பாத்திரங்கள். சர் எட்வர்ட் வின்டர். சின்ன வயதிலேயே இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர், மசூலிப்பட்டினத்தில் வியாபாரம் பழகியவர், சோழமண்டலக் கரையின் ஒவ்வொரு தறியும் துறையும் அறிந்தவர். சார்லஸ் மன்னரிடம் ‘சர்’ பட்டம் வாங்கியவர். 1662 வாக்கில் கோட்டையின் ஏஜென்டாக, அதாவது தலைவராக, வந்து உட்கார்ந்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கும்பெனிச் சம்பளத்தைவிடத் தன் சொந்த வியாபாரத்தில்தான் அவருக்கு அக்கறை அதிகம் என்று லண்டனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கணக்கில் இடித்தது. அவர் இடத்துக்கு லண்டன் வியாபாரி ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டை அனுப்பினார்கள். 1665 ஜூனில் அவர் மகன் நதானியேலோடு வந்து இறங்கினார்.

வின்டரை உடனே கப்பல் ஏற்றி அனுப்பியிருந்தால் கதையே இல்லை. அவரை இரண்டாம் இடத்தில் கவுன்சிலிலேயே வைத்துக்கொண்டார்கள்! நேற்றுவரை தான் தலைவராக இருந்த இடத்தில் இன்று வேறொருவர் உத்தரவு போடுகிறார். தான் இரண்டாம் ஆளாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் புதிய ஆள் தினமும் காலையில் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டுகிறார். பேரி திம்மண்ணா, காசி வீரண்ணா போன்ற பெரிய வியாபாரிகளோடு கும்பெனி கொடுக்கல் வாங்கல் நடத்திய காலம் அது. எந்தப் பணம் கும்பெனியுடையது, எது தலைவருடையது என்று பிரிப்பது லேசான வேலையா? பிரிக்கப் பிரிக்க வின்டருக்கு வியர்த்திருக்கும்.

அப்போதுதான் அந்தப் பேச்சு அவருக்குக் கிடைத்தது.

குற்றச்சாட்டின் சாரம் இவ்வளவுதான். ஒருவனுக்கு அவனவன் சொந்த நலன் முதலில், அரசனின் நலன் பிறகுதான் என்ற மாதிரி ஃபாக்ஸ்கிராஃப்டும் மகனும் பேசினார்கள். காப்பாற்றிக்கொள்ளும் வலிமை உள்ளவரைதான் ஒரு ராஜாவுக்கு ராஜ்ஜியத்தின் மேல் உரிமை என்ற மாதிரியும் மகன் பேசினார். கோட்டைப் பாதிரியார் சைமன் ஸ்மைத்ஸ் வின்டரின் கட்சி. இது ராஜத்துரோகம் என்று அவர்கள் கொடி பிடித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள், நம்ம ஊர் சலூனில் ஒரு மணி நேரத்தில் இதைவிட எவ்வளவு காரமாகப் பேசுகிறோம்! ஆனால் அந்தக் காலத்தில் இந்த இரண்டு வாக்கியத்தின் எடை வேறு. பதினாறு வருஷம் முன்னால்தான், 1649 ஜனவரி 30ஆம் தேதி, சார்லஸின் அப்பாவை நடுத் தெருவில் மேடை போட்டுத் தலையை வெட்டியிருந்தார்கள். ராஜாவே இல்லாமல் பதினோரு வருஷம் நாடு ஓடியது. 1660இல் மகன் திரும்பி வந்து அரியணை ஏறியதும், செத்துப் புதைத்திருந்த குரோம்வெல்லின் உடலைத் தோண்டி எடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். செத்தவனுக்கே இந்த கதி! ராஜா இல்லாத அந்தக் காலத்தில் லண்டனில் வாழ்ந்த எந்த வியாபாரி மேலும், இவன் மனசுக்குள் இன்னும் குரோம்வெல் ஆள்தான் என்று சேறு பூசுவது ரொம்பச் சுலபம். வின்டர் தேர்ந்தெடுத்த ஆயுதம் அப்படிப்பட்டது.

சட்டமும் கையில் இருந்தது. 1661இல் போட்ட சட்டம் ராஜாவின் உயிருக்கோ ஆட்சிக்கோ கேடு நினைப்பதைத் துரோகம் என்றது. நினைப்பை எதை வைத்து நிரூபிப்பது? அச்சடித்தது, எழுதியது, பிரசங்கம் செய்தது, வேண்டுமென்றே பேசியது, எல்லாமே சாட்சி! இது காகிதத்தோடு நின்ற மிரட்டல் இல்லை. லண்டனில் ஜான் ட்வின் என்ற அச்சக்காரரின் கதை கேளுங்கள். 1663 அக்டோபரில் ஒரு நாள், விடியும் முன்னே, ராஜாவின் அச்சகக் கண்காணிப்பாளர் ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச் ஆட்களோடு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கவில்லை. உள்ளே அச்சுக் கோத்து வைத்திருந்த எழுத்துகளை அவசர அவசரமாகக் கலைக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. உள்ளே நுழைந்தவர்கள் கைக்குச் சிக்கியது இன்னும் மை காயாத தாள்கள். குடிமக்கள் ராஜாவிடம் கணக்குக் கேட்கலாம் என்று சொல்லும் ஒரு நூல். எழுதியவர் யாரென்று ட்வின் கடைசிவரை சொல்லவில்லை. 1664இல் அவரைத் தூக்கிலிட்டு, உடலை நான்காகக் கூறு போட்டார்கள். ஒரு நூலை எழுதக்கூட இல்லை, அச்சடித்தார், அவ்வளவே. இந்தச் செய்தியெல்லாம் சுடச்சுட இருந்த காலத்தில்தான் ஃபாக்ஸ்கிராஃப்ட் கப்பல் ஏறி வந்தார்.

இனி கிளைமாக்ஸ். 1665 செப்டம்பர். வின்டர் கட்சி துரோகக் குற்றச்சாட்டை வீசியதும் ஃபாக்ஸ்கிராஃப்ட் அவரை அடைத்துக் காவல் வைத்தார். ஆனால் கோட்டைக் காவற்படைத் தலைவன் ஃபிரான்சிஸ் சூஸ்மன் வின்டர் பக்கம் சாய்ந்துவிட்டான்! சிப்பாய்கள் யார் சொல்லைக் கேட்பார்கள்? சம்பளம் தரும் கும்பெனியின் ஏஜென்ட் ஒரு பக்கம், ‘ராஜாவின் பெயரால்’ என்று கத்துகிற படைத்தலைவன் இன்னொரு பக்கம். அவர்கள் படைத்தலைவன் பின்னால் போனார்கள். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் வாளும் துப்பாக்கியும் மோதின. கவுன்சில் உறுப்பினர் வில்லியம் டாஸ் உயிரிழந்தார். ஃபாக்ஸ்கிராஃப்ட் காயம்பட்டார். அப்பாவையும் மகனையும் பிடித்து உள்ளே தள்ளினார்கள். வின்டர் மறுபடி தலைவர் ஆனார்! ராஜபக்தியின் பெயரால், ராஜா ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், ஒரு கோட்டை கைமாறிவிட்டது.

இதை முதல்முதலில் படித்தபோது, அடுத்த கப்பலிலேயே லண்டன் ஆள் அனுப்பியிருக்கும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த கப்பலா? கடிதம் போய்ச்சேரவே ஆறேழு மாதம். அதுவும் எப்படிப்பட்ட காலம்! 1665இல் லண்டனில் கொள்ளைநோய், 1666இல் நகரத்தையே தின்ற தீ, இரண்டுக்கும் நடுவே கடலில் டச்சுக்காரர்களோடு சண்டை. வின்டர் தன் ராஜவிசுவாசத்தை விளக்கி ராஜாவுக்கே கடிதம் எழுதினார். மாட்டிக்கொண்டால் கோட்டையை டச்சுக்காரர்களிடமோ கோல்கொண்டாவிடமோ கொடுத்துவிடுவாரோ என்று கும்பெனி நடுங்கியது. அந்தப் பயம் நிஜமாகியிருந்தால் சென்னை என்ற ஊரின் சரித்திரமே வேறு தடத்தில் போயிருக்கும். ஒரு சாப்பாட்டு மேசைப் பேச்சு அந்த விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டது!

கடைசியில் 1668 ஆகஸ்டில் கும்பெனிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. 22ஆம் தேதி வின்டர் கோட்டையை ஒப்படைத்தார், தன் உயிருக்கும் உடைமைக்கும் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு. கிட்டத்தட்ட மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்த ஃபாக்ஸ்கிராஃப்ட் வெளியே வந்து, அதே தலைமைப் பதவியில் உட்கார்ந்தார். துரோகி என்று பூட்டிய மனிதரிடமே கோட்டையை மறுபடி ஒப்படைத்தார்கள். ராஜாவின் தலைக்கு ஆபத்து என்று போட்ட கூச்சலுக்கு அதைவிடச் சரியான தீர்ப்பு ஏது? வின்டருக்கு என்ன தண்டனை என்று தேடாதீர்கள். இன்னும் சில வருஷம் இங்கேயே இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 1686இல் இறந்தார். லண்டன் பேட்டர்சீயில் தேவாலயத்துக்குள் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. வெறும் கையால் புலியை நெரித்துக் கொன்றவர், தனியாளாக நின்று அறுபது குதிரைவீரர்களை விரட்டியவர் என்று அதில் செய்யுள் பொறித்திருக்கிறார்கள்! சூஸ்மன் பின்னால் ஓடிய சிப்பாய்களும் இந்தக் கதைகளை நம்பித்தான் ஓடினார்களோ என்னவோ.

ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி. எழும்பூர் ஆவணக் காப்பகம் இருப்பது நம்ம ரயில் பாதையிலேயேதான். கோட்டைக் கவுன்சில் என்னென்ன பேசித் தீர்மானித்தது என்ற பதிவேடுகளை வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் முதல் தொகுதி 1672இல்தான் தொடங்குகிறது. வின்டர் காலத்துக் கடிதங்கள் லண்டனில் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் அலசி எச். டி. லவ் 1913இல் மூன்று பெரிய தொகுதிகளாகச் சென்னை வரலாற்றை வெளியிட்டார். அதன் முதல் தொகுதியைத் திறந்தால் இந்தக் கூத்து முழுசும் கண்முன் வரும்.

இந்தக் கதைகளை வரிசையாகப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியானது. அரசனைப் பற்றிப் பேசாதே என்ற உத்தரவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், அரசனின் மானத்தைவிட வேறு ஒன்று அங்கே பத்திரமாக ஒளிந்திருக்கும். வின்டருக்கு அது கணக்குப் புத்தகம். சார்லஸின் தாத்தாவுக்கு? கல்யாணம்!

ஆமாம், தாத்தா முதலாம் ஜேம்ஸ். 1620 டிசம்பர் 24ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பேனாவாலும் நாக்காலும் அரசாங்க விஷயங்களில் தலையிடாதீர்கள் என்று பிரகடனம் போட்டார். யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது, ஏழு மாதம் கழித்து இன்னொரு முறை போட்டார். திரைக்குப் பின்னால் நடந்தது, மகனுக்கு ஸ்பெயின் இளவரசியைப் பெண் கேட்கும் பேச்சு. கத்தோலிக்கப் பெண், பழைய எதிரி நாடு. ஊர் முழுக்க முணுமுணுப்பு. பார்லிமென்ட்டும் வாயைத் திறந்தது. இதைப் பேச உங்களுக்கு என்ன உரிமை என்றார் ஜேம்ஸ். பேசுவது எங்கள் பிறப்புரிமை என்று 1621 டிசம்பர் 18ஆம் தேதி உறுப்பினர்கள் தீர்மானம் எழுதிச் சபைக் குறிப்பேட்டில் சேர்த்தார்கள். டிசம்பர் 30ஆம் தேதி ராஜா அந்தக் குறிப்பேட்டை வரவழைத்தார். மந்திரிகள் பார்த்துக்கொண்டிருக்க, தன் கையாலேயே அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்தார்!

ஒரு பேரரசன் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழிக்கிறான். அந்தத் தாள் கிழிகிற சத்தம் எனக்குப் பல்லாவரம் வரை கேட்கிறது. கல்யாணம் நடந்ததா? அடுத்தடுத்த வருஷத்தில் மாப்பிள்ளை இளவரசர் ஒட்டுத்தாடி வைத்து, ‘ஸ்மித்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, நண்பர் பக்கிங்ஹாமோடு மாட்ரிட் வரை குதிரையில் போய்ப் பெண் பார்த்தார். பெண் கிடைக்கவில்லை. அவர் வெறுங்கையோடு திரும்பி வந்ததற்கு லண்டன் தெருக்களில் சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடினார்கள். அந்த ஒட்டுத்தாடி இளவரசர்தான் பிறகு தலை வெட்டுப்பட்ட முதலாம் சார்லஸ்.

கிழித்த பக்கம் வீண் போகவில்லை. சபைக்குள் பேசிய பேச்சுக்காக எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று 1689இல் உரிமைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த உரிமை கடல் கடந்து நம்மிடமும் வந்திருக்கிறது. அரசியலமைப்பின் 194ஆம் பிரிவு, சட்டமன்றத்தில் உறுப்பினர் பேசும் எதற்கும் வழக்குப் போட முடியாது என்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் எங்கே இருக்கிறது? அதே ஜார்ஜ் கோட்டையில்! இரண்டு வாக்கியத்துக்காக ஒருவர் மூன்று வருஷம் அடைபட்ட வளாகத்திலேயே இன்று 234 பேர் எழுந்து நின்று ஆட்சியைக் கிழி கிழி என்று கிழிக்கலாம், ஒரு போலீஸ்காரர் கிட்டே வர முடியாது. இதைவிட ஆனந்தமான இடமாற்றம் எந்தக் கோட்டைக்குக் கிடைத்திருக்கிறது?

ஆனால் அந்த 194ஆம் பிரிவின் அடுத்த வரியில் இன்னொன்று இருக்கிறது. சபையின் மானத்தைக் காக்கும் உரிமை. பார்லிமென்ட் ராஜாவிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கியது, பிறகு மற்றவர்கள் மேலும் பாய்ந்தது. 1987 மார்ச் 29ஆம் தேதியிட்ட ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவை பலருக்கு ஞாபகம் இருக்கும். மேடையில் இரண்டு பேர். இதில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட்டையும் கொள்ளைக்காரனையும் அடையாளமாகச் சொல்லி இன்னொருவர் பதில் தருகிற ஜோக். அவ்வளவுதான். சபாநாயகர் பி. எச். பாண்டியன் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4ஆம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்து, சென்னை மத்தியச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்! நாடெங்கும் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. இரண்டே நாளில் விடுதலை. பிறகு அவர் வழக்குப் போட்டு, 1994இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு வாங்கினார். அந்த ஆயிரம் ரூபாயைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். 2003 நவம்பரில் ‘தி இந்து’ ஆசிரியர்களைப் பதினைந்து நாள் சிறையில் போடச் சொன்னதும் இதே சபைதான். உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததால் அவர்கள் தப்பித்தார்கள்.

சொந்த ஊர்ப் பெருமையாக ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல்லாவரம் குன்றில் பாறையைக் குடைந்து ஒரு குகைக்கோயில் செதுக்கினான் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். தன் பட்டப்பெயர்களை வரிசையாகப் பாறையில் பொறித்துவைத்தான். இன்று அந்த இடம் முஸ்லிம்கள் வழிபடும் தர்கா. அதே ராஜா ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று ஒரு கேலி நாடகம் எழுதினான். காஞ்சிபுரத்துத் தெருவில் கள் மயக்கத்தில் தள்ளாடும் ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். ஒரு புத்த பிக்குவின் மேல் திருட்டுப் பழி போடுகிறான். வழக்கு மன்றத்துக்குப் போகலாம் என்று பேச்சு வரும்போது, பிக்குவின் விகாரங்களில் பணம் கொட்டிக் கிடக்கிறது, அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், ஏழைகள் நமக்கு அங்கே என்ன நியாயம் கிடைக்கும் என்கிற மாதிரி காபாலிகனின் துணைவி சொல்கிறாள். சொந்தத் தலைநகரத்தின் நீதிமன்றம் லஞ்சம் வாங்கும் என்று ஒரு குடிகாரன் ஜோடியை விட்டுச் சொல்லவைத்தது யார்? அந்த நீதிமன்றத்துக்கே தலைவனான ராஜா!

அவன் காலத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம் என்று நான் சொல்லவரவில்லை. ராஜா தானே கேலி எழுதுவது வேறு, குடிமகன் எழுதுவது வேறு. ஆனால் ஜேம்ஸ் தாளைக் கிழிப்பதற்கு ஆயிரம் வருஷம் முன்னால், ஆட்சியைப் பற்றிய ஒரு கசப்பான பேச்சை மேடையேற்றினால் சிம்மாசனம் ஆடாது என்று தெரிந்த ஒருவன் நம்ம குன்றில் உளி பிடிக்கச் சொல்லியிருக்கிறான். அது போதும் எனக்கு, ஊர் பெயரை நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கோட்டைக்குப் போய் வாருங்கள். பல்லாவரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம்தான். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். மியூசியத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, செயின்ட் மேரீஸ் வாசலில் நின்று வின்டர், ஃபாக்ஸ்கிராஃப்ட் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சட்டமன்றம் இருக்கும் திசையைக் கைகாட்டி, 194ஆம் பிரிவின் இரண்டு பாதியையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், மியூசியத்துக்கு அன்று விடுமுறை. அன்றைக்கு எங்கள் பல்லாவரம் வாரச் சந்தை இருக்கிறது. பழைய புத்தகக் குவியலில் தேடிப் பாருங்கள்.